முட்டம் விளக்கொளியில் முடிவில்லாக் கூட்டல்: நிகழ்தகவை வைத்துத் தொடர்களின் தொகை காணும் வழி

பிளஸ் ஒன் படிக்கிற மாணவி ஒருத்தி ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "சார், 1 + 1/4 + 1/9 + 1/16 என்று வர்க்க எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போனால் π²/6 வரும் என்கிறார்கள். இதில் வட்டமே இல்லையே, π எங்கிருந்து வந்தது?" நாகர்கோவிலில் மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அந்தக் கேள்வி பல நாள் மனதில் கிடந்தது. சூத்திரத்தை நிறுவிக் காட்டுவது வேறு, வட்டத்தைக் கண்ணில் காட்டுவது வேறு. கடைசியில் முட்டத்தில் விடை கிடைத்தது. அங்கே பாறை மேல் நிற்கும் கலங்கரை விளக்கம் இரவெல்லாம் சுற்றுகிறதே, அதுதான் அந்த வட்டம்.

அந்த விளக்கு வரைக்கும் படிப்படியாகப் போவோம். முதல் நான்கு படிகளுக்குப் பின்னக் கணக்கும் பொறுமையும் போதும். விளக்குக்குப் போகும்போது மட்டும் பிளஸ் டூ தொகையீடு கொஞ்சம் தேவைப்படும். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். படித்துக்கொண்டே போனால் இது கைக்கு வராது, கூடவே எழுதிப் பார்க்க வேண்டும்.

வழியின் அடிப்படை

கையில் ஒரு தொடர் இருக்கிறது, அதன் தொகை தெரியவில்லை. அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியின் வாய்ப்பாக வரும்படி ஒரு விளையாட்டைக் கட்டுகிறோம். அந்த நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்க வேண்டும், அதாவது ஒன்று நடந்தால் இன்னொன்று நடக்கக்கூடாது. அவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் நடக்கவும் வேண்டும். அப்படியானால் தொகை 1. கூட்டவே வேண்டாம்.

சில சமயம் மொத்தம் 1 ஆக இருக்காது. சமச்சீரால் 1/2 என்று தெரியும். சில சமயம் தொடர் ஒரு சராசரியாக இருக்கும், அந்தச் சராசரியை வேறு வழியில் கணக்கிட்டுவிடலாம். எப்படியானாலும் ஒரே அளவை இரண்டு வழியில் கணக்கிட்டு, இரண்டையும் சமப்படுத்துகிறோம். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாமே அந்த ஒரு செயல்தான்.

முதல் படி: பூவா, தலையா

ஒரு காசைப் பூ விழும் வரை சுண்டுங்கள். முதல் தடவையிலேயே பூ விழ வாய்ப்பு 1/2. இரண்டாவது தடவையில்தான் விழ வேண்டும் என்றால் முதலில் தலை, பிறகு பூ: 1/4. மூன்றாவதில் 1/8. பூ எப்போதாவது ஒரு தடவை விழுந்தே தீரும். ஆகவே

1/2 + 1/4 + 1/8 + 1/16 + … = 1.

"விழுந்தே தீரும்" என்று சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடாது. பத்துத் தடவையும் தலையே விழ வாய்ப்பு 1/1024. இருபது தடவைக்குப் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. விளையாட்டு முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் வாய்ப்பு பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது என்று பார்த்த பிறகுதான் 1 என்று எழுத வேண்டும். இதை "மீதி வாய்ப்பு" என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஓர் இடத்தில் இதுதான் நம்மைக் காப்பாற்றும்.

காசுக்குப் பதில் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறீர்கள், ஒவ்வொரு வீச்சிலும் மீன் சிக்க வாய்ப்பு 1/4 என்று வையுங்கள். முதல் மீன் எந்த வீச்சில்? 1/4, (3/4)(1/4), (3/4)²(1/4), … மொத்தம் 1. எல்லாவற்றையும் 4 ஆல் பெருக்கினால் 1 + 3/4 + 9/16 + 27/64 + … = 4. தோல்வி வாய்ப்பு எதுவானாலும் இதே கதைதான்: அதன் அடுக்குகளின் தொகை, 1 ஐ வெற்றி வாய்ப்பால் வகுத்தால் வரும் எண். பெருக்குத் தொடரின் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு அதன் பொருள் இப்போது தெரியும்.

இன்னொன்று. இருவர் மாறி மாறிச் சுண்டுகிறார்கள், முதலில் பூ போட்டவர் வென்றார். முதலில் தொடங்குபவர் 1, 3, 5 ஆவது தடவைகளில் ஜெயிக்கலாம்: 1/2 + 1/8 + 1/32 + … இரண்டாமவருக்கு ஒவ்வோர் உறுப்பும் இதில் சரிபாதி. இரண்டு பேருக்கும் சேர்த்து 1. ஆகவே முதலாமவருக்கு 2/3, அந்தத் தொடரின் தொகையும் 2/3.

இரண்டாம் படி: எத்தனை தடவை காத்திருக்க வேண்டும்

இப்போது 1/2 + 2/4 + 3/8 + 4/16 + 5/32 + … என்ற தொடரை எடுங்கள். ஒவ்வோர் உறுப்பும் "எத்தனையாவது தடவை" என்பதை "அந்தத் தடவையில் பூ விழும் வாய்ப்பு" ஆல் பெருக்கியது. அதாவது பூ விழச் சராசரியாக எத்தனை தடவை சுண்ட வேண்டும் என்ற எண். பாடப்புத்தகத்தில் கணித எதிர்பார்ப்பு என்று இருப்பது இதுதான்.

அந்தச் சராசரியை ச என்போம். ஒரு தடவை கட்டாயம் சுண்டியாக வேண்டும். பாதி வாய்ப்பில் தலை விழும். விழுந்தால் பழையபடி முதலிலிருந்து. காசுக்கு ஞாபகம் கிடையாது. ஆகவே ச = 1 + ச/2. ச = 2.

இரண்டு வரியில் விடை வந்துவிட்டது, ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. ச முடிவிலியாக இருந்தாலும் அந்தச் சமன்பாடு பொருந்தும். இதே முறையில் 1 + 2 + 4 + 8 + … ஐ ச என்று வைத்தால் ச = 1 + 2ச, விடை −1 என்று வரும்; மிகை எண்களைக் கூட்டிக் குறை எண் வருமா? ஆகவே தொகை முடிவுள்ளது என்று முதலில் உறுதி செய்ய வேண்டும்.

அதற்கு நல்ல வழி, தொடரை அடுக்கடுக்காகப் பிரிப்பது. 2/4 ஐ 1/4 + 1/4 என்றும், 3/8 ஐ மூன்று 1/8 என்றும் உடைத்து வரிசையாக எழுதுங்கள். முதல் வரிசை 1/2 + 1/4 + 1/8 + … = 1. இரண்டாவது வரிசை 1/4 இலிருந்து தொடங்கும்: 1/2. மூன்றாவது 1/4. எல்லாம் கூட்டினால் 1 + 1/2 + 1/4 + … = 2. இந்த வரிசைகளுக்கும் பொருள் உண்டு. முதல் வரிசை "குறைந்தது ஒரு தடவை சுண்டும் வாய்ப்பு", இரண்டாவது "குறைந்தது இரண்டு தடவை சுண்டும் வாய்ப்பு". ஆக, சராசரிக் காத்திருப்பு என்பது "குறைந்தது இத்தனை தடவை" என்ற வாய்ப்புகளின் கூட்டுத்தொகை. இந்த வாக்கியத்தைத் தனியாக எழுதி வையுங்கள். அடுத்த இரண்டு படிகளும் இதில்தான் நிற்கின்றன.

வர்க்கங்களும் இப்படியே வரும். 1/2 + 4/4 + 9/8 + 16/16 + 25/32 + … ஐ வ என்போம். பூ விழுந்தால் வர்க்கம் 1. தலை விழுந்தால் மொத்தம் 1 + புதிய எண்ணிக்கை. அதன் வர்க்கத்தின் சராசரி 1 + 2×2 + வ. ஆகவே வ = (1/2)(1) + (1/2)(5 + வ), வ = 6. (இது முடிவுள்ளதா என்றால், உறுப்புகள் போகப்போகக் கிட்டத்தட்டப் பாதி பாதியாகக் குறைகின்றன, பயமில்லை.) கால்குலேட்டரில் முதல் பத்து உறுப்புகளைக் கூட்டினால் 5.857 வரும். ஒவ்வொரு விடையையும் இப்படி எண்ணில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதித் தப்புகள் அங்கேயே பிடிபடும்.

மூன்றாம் படி: பையும் மணிகளும்

ஒரு துணிப்பையில் ஒரு சிவப்பு மணி, ஒரு கறுப்பு மணி. பார்க்காமல் ஒன்றை எடுங்கள். சிவப்பு வந்தால் ஆட்டம் முடிந்தது. கறுப்பு வந்தால் அதைத் திரும்பப் போட்டு, கூடவே இன்னொரு கறுப்பு மணியையும் போடுங்கள்.

முதல் தடவை சிவப்பு வர வாய்ப்பு 1/2. இரண்டாவதில்: (1/2)(1/3) = 1/6. மூன்றாவதில்: (1/2)(2/3)(1/4) = 1/12. அடுத்தது 1/20. இவை 1/(1×2), 1/(2×3), 1/(3×4), 1/(4×5) என்று போகின்றன. ந தடவை எடுத்தும் சிவப்பு வராத மீதி வாய்ப்பு (1/2)(2/3)(3/4)… என்று சுருங்கி 1/(ந+1) ஆகிறது. ந பெருகப் பெருக அது பூஜ்ஜியத்துக்குப் போகும். ஆகவே

1/2 + 1/6 + 1/12 + 1/20 + … = 1.

சரி, சிவப்பு வரச் சராசரியாக எத்தனை தடவை எடுக்க வேண்டும்? எழுதி வைத்த வாக்கியத்தைப் பாருங்கள். குறைந்தது ஒரு தடவை: 1. குறைந்தது இரண்டு: 1/2. குறைந்தது மூன்று: 1/3. ஆகச் சராசரி 1 + 1/2 + 1/3 + 1/4 + … இந்தத் தொடர் எந்த எண்ணிலும் நிற்காது என்று 14ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஓரேம் காட்டிவிட்டார்: 1/3 + 1/4 அரையை விடப் பெரிது, அடுத்த நான்கு உறுப்புகள் சேர்ந்தாலும் அரையை விடப் பெரிது, அடுத்த எட்டும் அப்படியே. ஆக, சிவப்பு வருவது நிச்சயம். ஆனால் அதற்காகக் காத்திருக்கும் சராசரி நேரம் முடிவிலி. ஒரே பையில் இரண்டும் உண்மை. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட நாளில் நான் வெகுநேரம் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இப்போது அந்தக் காப்பாற்றும் இடம். விதியை மாற்றுவோம். முதலில் பையில் 4 மணி, அடுத்து 9, அடுத்து 16 என்று வர்க்க எண்களாக மணிகள். எப்போதும் ஒன்றே ஒன்று சிவப்பு. சிவப்பு வராத வாய்ப்பு (3/4)(8/9)(15/16)… இரண்டு தடவைக்குப் பின் 2/3, மூன்றுக்குப் பின் 5/8, நான்குக்குப் பின் 3/5. இது பூஜ்ஜியத்துக்குப் போகவில்லை, 1/2 இல் நிற்கிறது. அதாவது பாதி ஆட்டங்களில் சிவப்பு வரவே வராது. ஒவ்வொரு தடவையும் சிவப்பு வரும் வாய்ப்புகளைக் கூட்டினால் 1/4 + 1/12 + 1/24 + 1/40 + … = 1/2. "எப்படியும் வந்துவிடும்" என்று நினைத்து 1 என்று எழுதியிருந்தால் விடை இரண்டு மடங்கு தப்பு. மீதி வாய்ப்பைப் பார்க்காமல் ஒரு தொடரையும் மூடாதீர்கள்.

நான்காம் படி: குளச்சலில் மீன் எடை

குளச்சல் துறைமுகத்தில் நெய்மீன்களை ஒவ்வொன்றாக எடை போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீன்களுக்கு ஒரே எடை இல்லை, எந்த வரிசையில் வரவும் சம வாய்ப்பு. ஒவ்வொரு மீனும் முந்தையதை விட எடை குறைவாக இருக்கும் வரை பார்த்துக்கொண்டே இருக்கிறோம். முதன்முதலாக ஒரு மீன் முந்தையதை விடக் கூடுதலாக வந்ததும் நிறுத்துகிறோம்.

முதல் ந மீன்களும் இறங்குவரிசையில் இருக்க வாய்ப்பு 1/ந! (ந! என்பது 1×2×3×…×ந), ஏனென்றால் ந! வரிசைகளில் ஒன்றுதான் அப்படி. மூன்றாவது மீனில் நிற்க வேண்டும் என்றால் முதல் இரண்டு இறங்குவரிசையில் இருந்து, மூன்றும் சேர்ந்து அப்படி இல்லாமல் இருக்க வேண்டும்: 1/2 − 1/6 = 2/6. இப்படியே எழுதினால் 1/2! + 2/3! + 3/4! + 4/5! + … = 1.

சராசரியாக எத்தனையாவது மீனில் நிற்போம்? முதல் இரண்டு மீன்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: 1 + 1. மூன்றாவதைப் பார்க்க முதல் இரண்டு இறங்க வேண்டும்: 1/2. நான்காவதுக்கு 1/6. ஆகச் சராசரி 1 + 1 + 1/2 + 1/6 + 1/24 + …, அதாவது ஆய்லரின் எண், 2.71828… கூட்டு வட்டிக் கணக்கில் வருகிற அந்த எண் மீன் ஏலத்திலும் வந்து நிற்கிறது.

முட்டம் விளக்கு: ஓர் ஒளி

விளக்கிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் ஒரு நேர்கோடு போகிறது என்று கற்பனை செய்யுங்கள். அந்தக் கோட்டில் விளக்குக்கு மிக அருகே உள்ள இடத்தில் ஒரு வள்ளம் நிற்கிறது. விளக்கு சீராகச் சுற்றுகிறது. ஏதோ ஒரு கணத்தில் கண்ணைத் திறக்கிறோம். ஒளி வள்ளத்திலிருந்து குளச்சல் பக்கம் 0 முதல் 90 பாகைக்குள் எங்கோ இருக்கிறது, எந்தக் கோணமும் சம வாய்ப்பு. ஒளி அந்தக் கோட்டை வள்ளத்திலிருந்து த கிலோமீட்டர் தூரத்தில் வெட்டுகிறது.

கோணத்தின் டேன்ஜென்ட்தான் த. ஆகவே த-வின் அடர்த்திச் சார்பு, அதாவது எந்தத் தூரத்தில் வாய்ப்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று காட்டும் சார்பு, (2/π) × 1/(1+த²). இதற்குக் கோஷி பரவலின் ஒரு பாதி என்று பெயர். வள்ளத்துக்கு அருகே அடர்த்தி அதிகம், ஆனால் வெகுதூரத்திலும் முழுதாக ஒழிவதில்லை. 90 பாகையை நெருங்கும் ஒளி கோட்டை எங்கோ தொலைவில்தான் தொடும்.

இனி ஒரு வாய்ப்பை இரண்டு வழியில் கணக்கிடுவோம்: ஒளி ஒரு கிலோமீட்டருக்குள் விழும் வாய்ப்பு. கோணத்தில் பார்த்தால் 45 பாகைக்குள் இருக்க வேண்டும். 90 இல் 45, அதாவது 1/2. தூரத்தில் பார்த்தால் 1/(1+த²) ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டு 2/π ஆல் பெருக்க வேண்டும். தூண்டில் கணக்கில் வந்த பெருக்குத் தொடரால் 1/(1+த²) = 1 − த² + த⁴ − த⁶ + … உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டால் 1 − 1/3 + 1/5 − 1/7 + … எந்த இடத்தில் நிறுத்தினாலும் விட்டுப்போன பகுதி அடுத்த உறுப்பை விடப் பெரிதாகாது, அதனால் மீதியும் பூஜ்ஜியத்துக்குப் போகிறது. இரண்டையும் சமப்படுத்தினால்

1 − 1/3 + 1/5 − 1/7 + … = π/4.

இது 14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராம மாதவனின் கேரளக் கணித மரபில் தோன்றிய தொடர். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதை எழுதியது 1670களில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மாவட்டம் நம்முடையது, ஆகவே இதைச் சொல்லிக்கொடுக்கும்போது வீட்டுச் சொத்தை எடுத்துக் காட்டுவது போல எனக்கு இருக்கும். தொடர் மிக மெதுவாகத்தான் நகரும். ஆயிரம் உறுப்புகளைக் கூட்டி 4 ஆல் பெருக்கினால் 3.1406 தான் கிடைக்கும். மாதவன் மரபினர் இதற்குத் திருத்த உறுப்புகளையும் சேர்த்துத் தந்தார்கள்.

அதே விளக்கு: இரண்டு ஒளி

இனி மாணவியின் கேள்வி. தொடர்பில்லாத இரண்டு கணங்களில் கண்ணைத் திறக்கிறோம். முதலில் ஒளி த தூரத்தில். இரண்டாவது தடவை அதைப்போல் வி மடங்கு தூரத்தில். இரண்டாவது ஒளி முதலாவதை விட அருகில் விழ, அதாவது வி 1 ஐ விடக் குறைவாக இருக்க என்ன வாய்ப்பு? இரண்டு தடவைக்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஆகவே 1/2. இந்த அரைதான் நம் முதல் வழி.

இரண்டாவது வழிக்கு வி-யின் அடர்த்திச் சார்பு வேண்டும். முதல் ஒளி த-வில் விழும் அடர்த்தியையும் இரண்டாவது வி×த-வில் விழும் அடர்த்தியையும் பெருக்குங்கள். வி கொஞ்சம் மாறினால் இரண்டாவது தூரம் அதைப்போல் த மடங்கு மாறும், அதனால் இன்னொரு த-வும் பெருக்கலில் சேரும். பிறகு த-வை 0 முதல் முடிவிலி வரை தொகையிட வேண்டும்:

(4/π²) × ∫ த / ((1+த²)(1+வி²த²)).

த² ஐ ம என்று மாற்றி, பகுதிப் பின்னங்களாகப் பிரித்தால் இது (4/π²) × மடக்கை(1/வி) / (1−வி²) ஆகும். இங்கே மடக்கை என்பது இயற்கை மடக்கை. இந்த ஒரு வரியை அவசரப்படாமல் நீங்களே செய்து பாருங்கள்; முழு வழியிலும் கடினமான இடம் இதுதான்.

இதை 0 முதல் 1 வரை தொகையிட்டால் 1/2 வர வேண்டும். ஆகவே மடக்கை(1/வி)/(1−வி²) இன் தொகையீடு π²/8. இன்னொரு பக்கம் 1/(1−வி²) = 1 + வி² + வி⁴ + வி⁶ + … ஒவ்வொன்றையும் மடக்கை(1/வி) ஆல் பெருக்கிப் பகுதித் தொகையிடல் செய்தால் 1, 1/9, 1/25, 1/49 என்று வருகின்றன. உறுப்புகள் எல்லாம் மிகை, அதனால் உறுப்பு உறுப்பாகத் தொகையிடுவதில் சிக்கல் இல்லை.

1 + 1/9 + 1/25 + 1/49 + … = π²/8.

கேட்டது எல்லா வர்க்கங்களும். முழுத் தொகையில் இரட்டை எண்களின் பங்கு 1/4 + 1/16 + 1/36 + …, அது முழுத் தொகையின் கால் பங்கு. ஒற்றை எண்களின் பங்கு முக்கால். ஆகவே முழுத் தொகை (4/3) × π²/8 = π²/6.

17ஆம் நூற்றாண்டில் மெங்கோலி எழுப்பிய இந்தக் கேள்விக்கு 1734இல் ஆய்லர் விடை கண்டார். நிகழ்தகவு வழியாக இப்படிச் செல்லும் நிறுவலை 2011இல் லூயிஜி பாச்சே எழுதினார். அந்த நிறுவலை முட்டத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வட்டம் தெரிந்தது. மாணவியிடம் சொன்னேன்: "பாரு மக்கா, ஒரு தடவை விளக்கைப் பார்த்தால் ஒரு π, இரண்டு தடவை பார்த்தால் π²."

இந்தத் தொகையை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். 1 முதல் ந வரை உள்ள எண்களில் இரண்டைச் சமவாய்ப்பாக எடுத்து, ந-வைப் பெருக்கிக்கொண்டே போனால், இரண்டும் 2 ஆல் வகுபடும் வாய்ப்பு 1/4 ஐ நெருங்கும். 3 ஆல் 1/9, 5 ஆல் 1/25. பொதுவான பகா வகுத்தி எதுவுமே இல்லாத வாய்ப்பு (1−1/4)(1−1/9)(1−1/25)…, அது நம் முழுத் தொகையின் தலைகீழி, 6/π², கிட்டத்தட்ட 0.608. இப்படிப் பொதுவான பகா வகுத்தி இல்லாதவற்றைச் சார்பகா எண்கள் என்பார்கள். சார்பகா எண்கள் என்றதும் கணித அறிஞர் எஸ். எஸ். பிள்ளையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1901இல் செங்கோட்டை அருகே வல்லத்தில் பிறந்து, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தவர். அடுத்தடுத்து வரும் எண்களில் பதினாறு வரை எத்தனையை எடுத்தாலும், மற்ற எல்லாவற்றோடும் சார்பகாவாக இருக்கும் எண் ஒன்றாவது அவற்றில் இருக்கும் என்று நிறுவினார். பதினேழில் அது தவறும். 1950இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

நீங்களே செய்ய

பழைய மணிப்பையை எடுங்கள். இந்தத் தடவை தொடக்கத்தில் இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு. கறுப்பு வந்தால் திரும்பப் போட்டு, இன்னொரு கறுப்பும் போட வேண்டும், விதி அதேதான். ஒவ்வொரு தடவையும் சிவப்பு வரும் வாய்ப்பை எழுதுங்கள். முதலாவது 2/3, இரண்டாவது (1/3)(2/4). மீதி வாய்ப்பு பூஜ்ஜியத்துக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு, 1/(1×2×3) + 1/(2×3×4) + 1/(3×4×5) + … இன் தொகையைக் கண்டுபிடியுங்கள். 1/4 வர வேண்டும். அப்புறம் சிவப்பு வரச் சராசரியாக எத்தனை தடவை எடுக்க வேண்டும் என்றும் கணக்கிடுங்கள். ஒரு சிவப்பு இருந்தபோது முடிவிலியாக இருந்த காத்திருப்பு, இரண்டாவது சிவப்பு மணியைப் போட்டதும் 2 ஆகிவிடும்.